நாற்காலி இல்லாத அறை

4

சுப்பிரமணியனின் மண்டையைப் பிளந்ததாகச் சொல்லப்பட்ட இரும்பு நாற்காலியை போலீஸ் பாலித்தீன் தாளில் சுற்றி சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. தாளுக்குள் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தரையில் ஆள் கிடந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸ் கோடு. எதிர்ச் சுவரில் முதலாளியின் வாசகம் ஆளுயர எழுத்துகளில்: ‘தூங்குகிறவன் தோற்கிறவன்.’

“அஞ்சு நிமிஷம்தான் மேடம். முதலாளி ஆளுங்க பாத்தா எனக்கு மெமோ வந்துடும்,” என்றார் இன்ஸ்பெக்டர் குழந்தைவேல்.

பிரபாவதி தலையசைத்தாள். ஒரு காலத்தில் குழந்தைவேலுக்கு அவள் மேலதிகாரி. மந்திரி ஒருவரின் மைத்துனனைக் கைது செய்த மறுவாரமே வேலையை உதறிவிட்டு, கடலூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் தொடங்கியவள். நிலையத்தின் மொத்த ஊழியர் படையும் இப்போது அவள் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. பெயர் சாதிக் அலி.

அந்தப் பேட்டரி தொழிற்சாலை நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, பண்ருட்டி சாலையில் இருந்தது. பேட்டரி உற்பத்தி லைன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. மறுநாள்தான் திறப்பு விழா. முதலாளி செங்குட்டுவன் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட் தொழிலாளி. மகன் இந்த 2018-ல் மூன்று டெக்னாலஜி கம்பெனிகளுக்கு அதிபதி. செல்போனில் பணம் அனுப்பும் செயலி ஒன்று, அரட்டைச் செயலி ஒன்று, ‘வேங்கை’ என்ற மின்சார ஸ்கூட்டர். அரட்டைக் கம்பெனியை விலைக்கு வாங்கிய மறுநாள் காலை, பாதி ஊழியர்களின் அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. வேலை போனதை அவர்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். நாடு முழுக்கத் திட்டியது. நெய்வேலி மட்டும் பேனர் வைத்துக் கொண்டாடியது.

முந்தாநாள் சாயங்காலம் தொழிற்சாலையின் தலைமை இன்ஜினியர் சுப்பிரமணியன் இந்த மீட்டிங் அறையில் செத்துக் கிடந்தார். பார்த்ததாகச் சொன்னவர் செக்யூரிட்டி அதிகாரி ராஜாங்கம். அன்று காலை செல்போன் செய்தி மூலம் வேலைநீக்கம் செய்யப்பட்ட அன்புச்செல்வன் என்ற பேட்டரி இன்ஜினியர் உள்ளே புகுந்து சண்டை போட்டான், கையில் கிடைத்த நாற்காலியால் அடித்தான், ஓடிவிட்டான். வாக்குமூலம் அவ்வளவுதான். போலீஸ் அன்புச்செல்வனைத் தேடிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி எழில்மதி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளி ஆசிரியை. காலையில் பிரபாவதியின் மேஜைமேல் ஒரு இன்ஹேலரை வைத்துவிட்டு அழாமல் பேசினாள். “அவருக்கு வீஸிங் இருக்குக்கா. தலைமறைவா போறவரு இத வூட்டுல வச்சிட்டு போவாரா? இது இல்லாம அவரால தாங்க முடியாது.”

அந்த இன்ஹேலர் இப்போது பிரபாவதியின் கைப்பையில் இருந்தது.

“சாதிக், இந்த ரூம்ல என்ன இல்ல?”

“ஏசி இருக்கு, பெரிய டிவி இருக்கு, சுவத்துல அறிவுரை இருக்கு. மனசாட்சிதான் இல்ல மேடம்.”

“கண்ணுக்குத் தெரியறதச் சொல்லு.”

சாதிக் சுற்றிப் பார்த்தான். நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேஜை. அவ்வளவுதான். “உக்கார ஒண்ணும் இல்ல.”

“நாற்காலி இருந்துச்சே,” என்றார் குழந்தைவேல். “அதாலதான அடிச்சான்.”

“ஒண்ணு இருந்துச்சு. மத்ததெல்லாம் எங்க? செங்குட்டுவன் கம்பெனி எதுலயும் மீட்டிங் ரூம்ல நாற்காலியே கெடையாது குழந்தைவேல். உக்காந்தா பேசிக்கினே இருப்பாங்கன்னு எல்லாத்தையும் எடுத்துட்டார். கர்ப்பமா இருந்த பொண்ணு ஒருத்தி நின்னு நின்னு மயங்கி விழுந்து, அது பேப்பர்ல நாறிச்சு. அப்பவும் அவர் மாத்திக்கல.”

“நம்ம ஆபீஸ்லயும் ரெண்டாவது நாற்காலி இல்ல மேடம்,” என்றான் சாதிக். “அத வறுமைன்னு தப்பா நெனச்சிக்கினு இருந்தேன். கொள்கைன்னு இப்பதான் தெரியுது.”

பிரபாவதி குனிந்து பாலித்தீனை விலக்கினாள். மடக்கு நாற்காலி. முதுகுப் பட்டையில் புது மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தது: ‘மீ.மை. பண்ருட்டி.’

“வாடகைக் கடை நாற்காலி. கையில கெடச்சத எடுத்து அடிச்சான்னு ராஜாங்கம் சொல்றாரு. இங்க கையில கெடைக்க ஒண்ணுமே இல்ல. நாற்காலி வெளியிலருந்து வந்திருக்கு. நாற்காலி வந்திருந்தா பொணமும் கூடவே வந்திருக்கலாம்.”

குழந்தைவேல் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “இத நான் எழுதினா முதலாளி பக்கம் போவுது மேடம். உருப்படியா ஒண்ணு கொண்டாங்க. நான் வரேன்.”

கேட்டில் ராஜாங்கம் நின்றிருந்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர். பனைமரம் போல உடம்பு, முறுக்கிய மீசை. பக்கத்தில் சிங்காரவேல். செங்குட்டுவனுக்கு வேண்டாதவர்களின் கை காலை உடைப்பதைக் கான்ட்ராக்ட் வேலையாகச் செய்கிறவன் என்று ஊரே சொல்லும். கையில் இரண்டடி இரும்புக் குழாய்.

“பாத்தாச்சா?” என்றார் ராஜாங்கம்.

“நாற்காலியப் பாத்தோம்.”

ராஜாங்கம் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானே போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

*

பண்ருட்டியில் பலாப்பழ சீசன். மண்டி வாசல்களில் பழம் குவிந்து கிடந்தது. முந்திரிக் கொட்டை வறுக்கும் புகையில் கண் எரிந்தது. மீரான் மைதீனின் பாத்திர வாடகைக் கடை கடைவீதிக் கோடியில் இருந்தது. வாசலில் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல ஒரு பிரியாணி அண்டா.

சாதிக் சலாம் சொன்னான். பெரியவர் பதில் சலாம் சொல்லி இருவரையும் உட்கார வைத்தார்.

“நாற்காலில உக்காந்தே எவ்வளவு நாளாச்சு,” என்று சாதிக் காலை நீட்டிக்கொண்டான்.

பிரபாவதி செல்போனில் படத்தைக் காட்டினாள். “இது உங்க கடைதானே பாய்?”

“நம்மளுதுதாம்மா. நெய்வேலிக்கு ஒரு லோடு போச்சுல்ல, அதுல ஒண்ணு.”

“அதுலதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“பெயின்ட் சொல்லுதே. நம்ம நாற்காலி எல்லாத்துலயும் பேரு அழிஞ்சு போச்சு. கல்யாண மண்டபத்துல மாறிப் போவுதுன்னு புதுசா எழுதலாம்னு டப்பாவத் தொறந்தேன். ஒரு நாற்காலிக்கு எழுதி முடிக்கிறேன், லாரி வந்துட்டுது. அப்படியே ஏத்திவிட்டேன். உலகத்துலயே நம்ம பேரு தெரியிற மாதிரி இருக்கறது அந்த ஒரே நாற்காலிதான்.”

பிரபாவதி படத்தை மறுபடி பார்த்தாள்.

“நெய்வேலில எங்க எறக்கினாங்க?”

“அந்தப் பெரிய முதலாளி பொறந்த வூடு. பழைய பிளாக்ல, இடிக்கப் போற குவார்ட்டர்ஸ்ல. அவரு வாழ்க்கைக் கதைய வீடியோ எடுக்கறாங்களாம், அக்கம்பக்கத்து ஆளுங்கள உக்காரவச்சுப் பேட்டி. ஷூட்டிங் முடிஞ்சுட்டுதேன்னு நேத்து டிரைவர் எடுத்தாரப் போனா உள்ளயே வுடலியாம். விழா முடிஞ்சு வான்னு இரும்புக் குழாயோட ஒருத்தன் வெரட்டிட்டானாம். டிரைவர் ஒண்ணு சொன்னான், வூடு பூட்டிக் கெடக்கு, உள்ள யாரோ மூச்சு வுட முடியாம இருமறாங்கன்னு.”

சாதிக் காலை மடக்கிக்கொண்டான்.

வெளியே வந்ததும் பிரபாவதி குழந்தைவேலுக்கு போன் செய்தாள். முதலாளி வீட்டுக்குள் நுழைய மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார் அவர்.

“கேட்டுட்டு வாங்க,” என்றாள் பிரபாவதி. “நான் முன்னாடி போறேன்.”

அவர்களுடைய பழைய ஆம்னி வேன் பண்ருட்டியைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்குள் நுழைந்தபோது, பின்னால் வந்த ஜீப் ஒரே இடியில் அதை ரோட்டை விட்டுத் தள்ளியது. வேன் ஒரு முந்திரி மரத்தில் மோதி நின்றது. கண்ணாடி உதிர்ந்து மடியில் கொட்டியது. சாதிக்கின் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்தது.

சிங்காரவேல் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். குழாயால் கதவை ஒரு முறை அடித்தான், கைப்பிடி பறந்தது. சாதிக்கின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வயிற்றில் குத்தினான். சாதிக் மடங்கி விழுந்ததும் அவன் முதுகில் குழாயை இறக்கினான்.

“ரெண்டாவது அடி மண்டைக்கு,” என்றான் சிங்காரவேல். “வூடு போய்ச் சேரணும்னா கடலூர் பஸ் ஏறிடுங்க.”

பிரபாவதி மறுபக்கக் கதவால் இறங்கி, சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து, வேனைச் சுற்றி வந்திருந்தாள். அவனுடைய வலது முழங்காலில் முழு பலத்தோடு அடித்தாள். எலும்பு நொறுங்கும் சத்தம் தோப்புக்குள் கேட்டது. சிங்காரவேல் கத்திக்கொண்டே சரிந்தான். இன்னொரு அடி குழாய் பிடித்த கைக்கு.

“பஸ் வேணாம்,” என்றாள். “ஜீப் போதும்.”

சாதிக் தவழ்ந்து வந்து ஜீப்பில் ஏறினான். சாவி அதிலேயே இருந்தது. “முதுகு போச்சு மேடம். இனிமே நானும் நின்னுக்கினேதான் மீட்டிங்குக்கு வரணும்.”

*

அந்த பிளாக்கில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கதவு, ஜன்னல் எல்லாம் பெயர்த்து எடுக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் புது வெள்ளை அடித்து, வாசலில் செங்குட்டுவனின் சின்ன வயசுப் படத்தைப் பெரிதாக்கி நிறுத்தியிருந்தார்கள். அரைக்கால் சட்டை, எண்ணெய் வழியும் தலை, சிரிப்பு.

பின்கதவுப் பூட்டை சாதிக் ஜாக்கிக் கம்பியால் நெம்பினான். முன்னறையில் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பிரபாவதி ஒவ்வொன்றின் முதுகையும் வேகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு மூலையில் சிமென்ட் தரையைக் கழுவியிருந்தார்கள். இடுக்குகளில் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது.

உள்ளறையில் ஜன்னல் கம்பியில் கட்டப்பட்டு அன்புச்செல்வன் தொங்கிக்கொண்டிருந்தான். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. உதடு நீலம். மூச்சு விசில் போல வந்தது. அவனைச் சுற்றி ஸ்கூட்டர் பேட்டரிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள்.

பிரபாவதி இன்ஹேலரை அவன் வாயில் வைத்து அழுத்தினாள். இரண்டு, மூன்று இழுப்புக்குப் பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது.

“எழில்மதிதான் அனுப்பினாங்க. நீங்க கொன்னீங்களா அன்பு?”

அவன் தலை இடமும் வலமும் அசைந்தது. “சுப்பிரமணியன் சார் என்னைக் கூட்டிக்கினு... நியாயம் கேக்க வந்தாரு. திண்டிவனத்துல சார்ஜ் போட்ட வேங்கை வண்டி எரிஞ்சு... தூங்கிக்கினு இருந்த ஒரு குடும்பமே போச்சு. பேட்டரி லைன நிறுத்தணும்னு சொன்னாரு. முதலாளிதான்... அவரு கையாலதான்... நாற்காலிய எடுத்து...”

வாசல் கதவு உதை வாங்கித் திறந்தது.

ராஜாங்கம் முதலில் வந்தார். பின்னால் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு சிங்காரவேல், இடது கையில் குழாய். சாதிக் ஜாக்கிக் கம்பியை ஓங்கினான். ராஜாங்கம் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் வாயில் ஒரு குத்து விட்டார். சாதிக் சுவரில் மோதி உட்கார்ந்து ஒரு பல்லைத் துப்பினான். பிரபாவதி பாய்ந்தாள். அவளுடைய வலது கையைப் பின்னால் முறுக்கி, மணிக்கட்டு விலகும் வரை வளைத்து, முன்னறைக்கு இழுத்து உள்ளறைக் கதவோரம் ராஜாங்கம் நிறுத்தினார். வலியில் அவளுக்குக் கண் இருட்டியது.

அதன்பிறகுதான் செங்குட்டுவன் உள்ளே வந்தான். காலர் இல்லாத பனியன், ரப்பர் செருப்பு, கையில் செல்போன். எதையோ டைப் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

“ரெண்டு நாளாச்சு,” என்றான் ராஜாங்கத்திடம். “இன்னும் இவன் உயிரோட இருக்கான்.”

“சுப்பிரமணியன் என்ன கேட்டார்?” என்றாள் பிரபாவதி பல்லைக் கடித்துக்கொண்டு. “லைன நிறுத்துங்கன்னுதானே கேட்டார்.”

“நிறுத்துன்னு எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. ஒரு கம்பெனில பாதி ஆள ஒரே நாள்ல தூக்கினேன். செயலி நின்னு போயிடும்னாங்க. நிக்கல. ஓடிக்கினு இருக்கு. பயந்தவன் ஒதுங்கணும், மத்தவன் ஓடணும், அவ்வளவுதான் நிர்வாகம். ஆயிரம் பேட்டரில ஒண்ணு எரியும். அதுக்காக நாளைக்கு விழாவ நிறுத்தச் சொல்றான், நான் பொறந்த வூட்டுல நின்னுக்கினு.” அவன் குரல் உயரவே இல்லை. “கோவம் வந்துச்சு. அடிச்சேன். செத்துட்டான். அதுக்கப்புறம் அது ஒரு வேலை, முடிக்க வேண்டிய வேலை. கொலைகாரன் போலீசுக்கு பயந்து இங்க ஒளிஞ்சான், பேட்டரிய வச்சு எரிச்சுக்கிட்டான். தடுக்க வந்த ரெண்டு பேரும் சேந்து போயிட்டாங்க. சிங்காரம், ஒயரக் கொடு.”

சிங்காரவேல் குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒயரால் சேர்த்தான். பொறி பறந்தது. பேட்டரி உப்பத் தொடங்கியது. சீறிக்கொண்டு வெள்ளைப் புகை வந்தது. அன்புச்செல்வன் இருமினான்.

பிரபாவதி தலையைத் திருப்பி, தன் கையை முறுக்கிப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“ராஜாங்கம், மீரான் பாய் ஒரு லோடு நாற்காலி அனுப்பினார். எல்லாத்துலயும் பேரு அழிஞ்சு போச்சு. ஒரே ஒண்ணுலதான் புதுப் பெயின்ட்ல கடைப் பேரும் ஊரும் இருக்கு. முன்னறைல பாத்துட்டேன், ஒண்ணுலகூட பேரு இல்ல. இத்தன நாற்காலில அந்த ஒண்ணு மட்டும் மீட்டிங் ரூமுக்குப் போயிருக்கு, அதுவும் நாற்காலியே வைக்கக் கூடாத ரூமுக்கு. தானா நடந்து போகல. யாரோ தேடி எடுத்து வச்சிருக்காங்க, பாக்கறவங்க பாத்து இங்க வரட்டும்னு.”

அவள் கையின்மேல் இருந்த பிடி தளர்ந்தது.

“என்ன சொல்றா இவ?” என்றான் செங்குட்டுவன்.

“உங்க ரூம்ல நாற்காலி கெடந்துச்சே, அது எப்படி வந்துச்சுன்னு நீங்க ஏன் கேக்கல?”

“நான் ரிசல்ட்ட கேப்பேன். எப்படிச் செஞ்சாங்கன்னு கேக்கறது என் பழக்கமில்ல.”

“கேட்டிருக்கலாங்க,” என்றார் ராஜாங்கம்.

அந்த அறைக்குள் அவர் பேசிய முதல் வார்த்தை அது. பிரபாவதியின் கையை முழுதாக விட்டார்.

“நீங்க அடிச்ச நாற்காலி அது இல்லீங்க. அது எங்க வூட்டுப் பரண்ல சாக்கு சுத்தி பத்திரமா இருக்கு, உங்க கைரேகையோட. பேரு போட்ட நாற்காலியத் தேடி எடுத்து, அதுல ரத்தத்தத் தோச்சு அங்க வச்சது நான்தான். இவன ரெண்டு நாளா ஏதேதோ சாக்கு சொல்லி உசுரோட வச்சிருந்ததும் நான்தான்.”

சிங்காரவேல் குழாயை எடுத்துச் சுழற்றி அடித்தான். அது ராஜாங்கத்தின் தோளில் இறங்கியது. அவர் அசையாமல் குழாயோடு சேர்த்து அவனை இழுத்து, அவன் தலையைக் கதவு நிலையில் மோதினார். சிங்காரவேல் சத்தமில்லாமல் சரிந்தான். அதே நேரம் பேட்டரி வெடித்தது. நெருப்பு கூரைவரை எழுந்து அடுத்த பேட்டரியைத் தொட்டது.

செங்குட்டுவன் ஓடவில்லை. படப்பிடிப்பு விளக்கின் இரும்புத் தாங்கியைத் தூக்கி ராஜாங்கத்தின் பிடரியில் அடித்தான். அவர் முழங்காலில் விழுந்தார். மறுபடி ஓங்கினான். இடது கையால் ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து விரித்து பிரபாவதி குறுக்கே நீட்டினாள். தாங்கியும் அதைப் பிடித்த கையும் நாற்காலிச் சட்டங்களுக்கு நடுவே இறங்கின. அவள் உடம்பின் மொத்த பாரத்தையும் போட்டு நாற்காலியை மடக்கினாள். அவன் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. அந்த வீட்டுக்குள் செங்குட்டுவன் முதல் முறையாகக் கத்தினான்.

உள்ளறையில் சாதிக் பல்லும் நகமுமாகக் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். இரண்டாவது பேட்டரி வெடித்து அவன் சட்டையில் தீப் பிடித்தது. ராஜாங்கம் தவழ்ந்து எழுந்து உள்ளே போனார். எரிகிற பேட்டரியை வெறும் கையால் தள்ளினார். தோல் கருகும் நாற்றம் எழுந்தது. ஜன்னல் கம்பியையே பெயர்த்து, கயிறோடு அன்புச்செல்வனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். அவர் முதுகில் சட்டை எரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சாதிக் சிங்காரவேலின் நல்ல காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான். “இவன வுட்டுட்டுப் போனா கோர்ட்ல கூட்டம் கம்மியாயிடும் மேடம்.”

*

வெளியே ஷிஃப்ட் முடிந்து வந்த சுரங்கக் கம்பெனி பஸ்கள் புகையைப் பார்த்து நின்றிருந்தன. ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். புகைக்குள்ளிருந்து, உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செங்குட்டுவன் வெளியே வருவதைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

“நம்ம செங்குட்டுவன்டா. நெருப்புக்குள்ள போயி ஆளக் காப்பாத்தியிருக்காரு,” என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. செங்குட்டுவனுக்கு மூளை அப்போதும் வேகமாகத்தான் ஓடியது. நல்ல கையை உயர்த்திக் காட்டினான்.

“கொலைகாரன இந்தப் பொம்பளதான் இங்க ஒளிச்சு வச்சிருந்தா,” என்றான். “எரிச்சுட்டு ஓடப் பாத்தாங்க.”

கூட்டம் பிரபாவதியின் பக்கம் திரும்பியது. ஒரு கல் வந்து சாதிக்கின் தோளில் பட்டது. அன்புச்செல்வனுக்குப் பேச மூச்சு இல்லை. குழந்தைவேல் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். முதலாளியைப் பார்த்தார், பிரபாவதியைப் பார்த்தார். அவர் கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

ராஜாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கருகிய இரண்டு கைகளையும் குழந்தைவேல் முன்னால் நீட்டினார்.

“முதல்ல எனக்கு மாட்டுங்க. சுப்பிரமணியன் சார் பொணத்த இந்த வூட்டுலருந்து ஃபேக்டரிக்குத் தூக்கிக்கினு போனது நானு. உங்ககிட்ட பொய்யா வாக்குமூலம் குடுத்ததும் நானு. அடிச்சுக் கொன்னது இவரு. இதச் சொல்றதால எனக்கு ஜெயிலு, வேற ஒண்ணும் கெடைக்காது. அதனாலதான் நம்பச் சொல்றேன்.”

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் விஷயம் தெரியாத ஒருவர் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்தினார்.

“ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கேட்டார் குழந்தைவேல்.

“சொல்லத்தாங்க ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். உங்க ரூம்ல இவரு கூட நீங்க எடுத்துக்கின போட்டோ மாட்டியிருந்துச்சு. திரும்பிட்டேன்.”

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டு விலங்கை எடுத்தார். ராஜாங்கத்தின் கைகளில் மாட்டத் தோல் இல்லை. ஒரு கான்ஸ்டபிளை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, விலங்கை செங்குட்டுவனின் நல்ல கையில் மாட்டினார்.

“ராஜாங்கம்,” என்றான் செங்குட்டுவன். “உன்ன வேலைய வுட்டு எடுத்துட்டேன்.”

“சரிங்க,” என்றார் ராஜாங்கம்.

*

மருத்துவமனையில் அன்புச்செல்வனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். எழில்மதி அவன் கட்டிலருகே நின்று, கயிறு அறுத்த மணிக்கட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். மாடியில் செங்குட்டுவனின் விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு போலீஸ். சென்னையிலிருந்து வக்கீல்கள் கிளம்பிவிட்டதாகப் பேச்சு. தொழிற்சாலையில் லைனை நிறுத்திக் கதவுக்கு சீல் வைத்துவிட்டார்கள் என்று குழந்தைவேல் வந்து சொன்னார்.

“அப்படியே முதுகுக்கும் ஒரு சீல் வைக்கச் சொல்லுங்க,” என்றான் சாதிக். பல் இல்லாத இடத்தில் பஞ்சு. பக்கத்து பெஞ்சில் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ராஜாங்கத்தைத் திரும்பிப் பார்த்தான். “நடிப்புதான்னா கொஞ்சம் மெதுவா குத்தியிருக்கலாமேண்ணே.”

“சிங்காரம் பாத்துக்கினு இருந்தான் தம்பி. மன்னிச்சுக்கோ.”

வராந்தாவின் கடைசியில் பிணவறை. அங்கேயிருந்து ஒரு பெண் எழுந்து மெதுவாக நடந்து வந்தாள். சுப்பிரமணியனின் மனைவி வீரம்மாள். முந்தாநாளிலிருந்து அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்தும், உண்மை தெரியும்வரை உடலை வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கான்ஸ்டபிள் தடுக்க எழுந்தார். பிரபாவதி கையமர்த்தினாள்.

வீரம்மாள் ராஜாங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்கதான் அவரத் தூக்கிக்கினு போனீங்களா?”

ராஜாங்கம் எழுந்து நின்றார். “ஆமாங்கம்மா.”

“அப்ப உசுரு இருந்துச்சா?”

“இல்லீங்கம்மா. இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்பேன்.”

அவள் அவருடைய கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள்.

“லைன நிறுத்த வேணாம்னு கடைசில ஒத்துக்கினாரா? அவ்வளவு பெரிய ஆள எதுத்துக்க வேணாம், ஒத்துக்கினு போயிடுங்கன்னு நான் சொல்லித்தான் அனுப்பினேன்.”

“முதலாளி திரும்பத் திரும்பக் கேட்டாருங்க. ஒவ்வொரு வாட்டியும் சார் மாட்டேன்னுதாங்க சொன்னாரு. நாற்காலிய ஓங்கினப்பறமும் அதேதான் சொன்னாரு.”

வீரம்மாள் தலையசைத்தாள். அவிழ்ந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி இறுக்கி முடிந்துகொண்டாள். பிறகு பிரபாவதியின் பக்கம் திரும்பினாள்.

“கூட வாங்கம்மா,” என்றாள். “இப்ப அவர வூட்டுக்கு எடுத்துக்கினு போவலாம்.”